ஒயர் கூடையின் இலக்கணம்

சுவாமிமலையின் வார்ப்புச் சிலையையும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கையும், பத்தமடைக் கோரைப்பாயையும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையையும் தமிழ்நாட்டுக் கைவினைகள் என்று பெருமையோடு வரிசைப்படுத்துகிற நாம், அந்த வரிசையைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் புறப்படும்போது, சமையலறைக் கதவின் பின்னாலுள்ள ஆணியிலிருந்து எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு போகிற பொருளும் ஒரு கைவினையே என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. பச்சையும் வெள்ளையுமாகவோ, சிவப்பும் மஞ்சளுமாகவோ, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் தொங்குகின்ற அந்த ஒயர் கூடை ஆலையில் அச்சில் வார்க்கப்பட்டதன்று, தறியில் நெய்யப்பட்டதுமன்று. யாரோ ஒரு பெண்மணி, தன் வீட்டுத் திண்ணையிலோ கூடத்துத் தூணின் ஓரத்திலோ அமர்ந்து, ஒரு கத்தரிக்கோலையும் தன் பத்து விரல்களையும் தவிர வேறு கருவி ஏதுமின்றி, நூற்றுக்கணக்கான முடிச்சுகளை ஒவ்வொன்றாக இட்டு இறுக்கி எழுப்பியது அது.

சிற்பத்துக்கும் நெசவுக்கும் உரிய லக்ஷணங்கள் யாவும் இந்தப் பின்னலுக்கும் உண்டு என்பதும், புராதனமாக இல்லாமல் நம் கண்முன்னே, நம் தாய்மார் காலத்தில் பிறந்து வளர்ந்தது என்ற ஒரே காரணத்தால் அதற்குரிய மரியாதை இன்றளவும் கிடைக்காமல் இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். பழமை மதிப்புக்குரியதுதான், ஆனால் ஒரு கலை பிறக்கிற காலத்தில் உடன் வாழ்ந்துகொண்டிருப்பதும் எல்லோருக்கும் வாய்க்கிற பாக்கியமன்று.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூடை செய்த ஊழியத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சோற்று டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும் அதில்தான் போயின. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினருக்கு வெந்நீர் பிளாஸ்கும் இட்லிப் பொட்டலமும் அதில்தான் சென்றன. ரேஷன் கடையின் சர்க்கரையும், கோயிலுக்குக் கொண்டுபோகிற தேங்காய் பழமும், ரயில் பிரயாணத்தின் புளியோதரையும் அதில்தான் இடம் பிடித்தன. மழையில் நனைந்தால் கெடாது. மீன் வாங்கி வந்தாலும் கழுவிக் கவிழ்த்தால் நாற்றம் போய்விடும். அடியில் இடைவெளி இருப்பதால் கீரைக்குக் காற்றோட்டம் கிடைக்கும். கைப்பிடி நைந்துபோனால் கூடையை எறிந்துவிடாமல், கைப்பிடியை மட்டும் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று ஒரே கூடை ஒரு குடும்பத்தில் உழைப்பது சர்வ சாதாரணம்.

இவ்வளவுக்கும் ஆதாரமான அந்த இழையின் வரலாறு சிறிது தூரம் சுற்றி வருவது. 1926ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் என்னும் ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ சீமன் என்ற ரசாயன அறிஞர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பி.வி.சி. என்று இன்று நாம் சொல்லும் பொருள், ஜெர்மானிய அறிஞர் ஒய்கன் பவ்மன் 1872இலேயே கண்டு குறித்து வைத்ததுதான் என்றாலும், விறைப்பாகவும் நொறுங்கும் இயல்புடையதாகவும் இருந்தமையால் எதற்கும் உபயோகப்படாதது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. உயர்ந்த கொதிநிலையுள்ள திரவமொன்றில் அதைக் காய்ச்சி ஆறவிட்ட சீமன், தேடிய பசை கிடைக்காமல், வளைத்தால் வளைந்து இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கிற ஒரு விசித்திரப் பண்டத்தைக் கண்டார். மின்சாரக் கம்பிகளின் மேலுறையும், மழைச்சட்டையும், மேஜை விரிப்பும், நம் கூடையின் இழையும் அந்த ஒரு காய்ச்சலின் சந்ததிகளே. நூறு ஆண்டு நிரம்ப வாழ்ந்து 1999இல் மறைந்த அவர், தாம் தேடாமல் கண்டெடுத்த பொருள் உலகமெங்கும் பரவியதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் போனார்.

எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 சதவீதம், உப்பிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிற குளோரின்தான் பி.வி.சி. என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் இதன் உற்பத்தி 1967இல் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலையில் தொடங்கிற்று. அதையடுத்த ஆண்டுகளில் பிளாஸ்டிக் பொருள்கள் மளமளவென்று நம் வீடுகளுக்குள் நுழைந்தன. இரும்புச் சட்டத்தில் ஒயர் பின்னிய நாற்காலிகள் வந்தன. சாய்வு நாற்காலிகள் வந்தன. கூடவே கூடையும் வந்தது. பனையோலைக் கொட்டானையும், மூங்கில் கூடையையும், ஈச்சம்பெட்டியையும் முடைந்து பழகிய தேசத்துக் கைகளுக்கு, உரித்துக் காயவைத்துப் பதப்படுத்த வேண்டிய அவசியமே இல்லாமல், நினைத்த நிறத்தில், அறுபடாத நீளத்தில், சுருள் சுருளாக ஒரு நார் கிடைத்தபோது அவை சும்மா இருக்குமா?

ஆனால் ஓலையில் செய்ததை அப்படியே ஒயரில் செய்யவில்லை நம் பெண்கள். ஓலையும் மூங்கிலும் முடையப்படுகின்றன. அதாவது, ஒன்றன் மேல் ஒன்று ஏறியும் இறங்கியும் செல்கின்றன. அவற்றின் விறைப்பே அவற்றை நிலையில் நிறுத்துகிறது. ஒயருக்கோ அந்த விறைப்பு இல்லை. வெறுமனே முடைந்தால் நெகிழ்ந்து சரிந்துவிடும். ஆகவே இழைகள் சந்திக்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு அவசியமாயிற்று. குறையாகத் தோன்றிய அந்த நெகிழ்ச்சிதான் முடிச்சுக்கு உற்ற துணை: எவ்வளவு கூர்மையாக மடக்கினாலும் விரிசல் விடாது, இழுக்கும்போது சற்றே நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனித்து, தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும்.

அந்த முடிச்சைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கலை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஓர் இழையை வடக்கு தெற்காகவும், வேறு நிறத்து இழை ஒன்றை அதன் மேல் கிழக்கு மேற்காகவும் வைத்துக்கொள்ள வேண்டும். வடக்கு நுனியை மடக்கித் தெற்கே கொண்டுவந்து, தெற்கு நுனியை மடக்கி வடக்கே கொண்டுபோனால், அருகருகே இரண்டு பாலங்கள் உண்டாகின்றன. இப்போது கிழக்கு நுனி தனக்கு முதலில் எதிர்ப்படும் பாலத்தின் மேலே ஏறி, அடுத்த பாலத்தின் கீழே நுழைந்து, மேற்கே வெளிவருகிறது. மேற்கு நுனியும் அதே நியாயப்படி, தன் பக்கத்துப் பாலத்தின் மேலே ஏறி, அப்பால் உள்ளதன் கீழே நுழைந்து, கிழக்கே போய்ச் சேர்கிறது. நான்கு நுனிகளையும் சீராக இழுத்தால், நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய சதுரம் விரல்களுக்கிடையே திரண்டு நிற்கும். எதிரெதிர் மூலைகளில் ஒரே நிறம் அமைந்திருக்கும். பசை இல்லை, ஆணி இல்லை, தையல் இல்லை. ஒவ்வோர் இழையும் மற்றதை ஓரிடத்தில் அழுத்தி, மற்றோர் இடத்தில் தான் அழுத்தப்பட்டுக் கிடக்கிறது. பாரம் ஏற ஏற அந்தப் பிடி வலுக்கிறது.

இதே முடிச்சு உலகத்தின் வேறு மூலைகளிலும் பிள்ளைகளின் கைகளில் விளையாடியிருக்கிறது. 1950களின் இறுதியில் பிரான்ஸ் தேசத்துச் சிறுவர் சிறுமியர் நிறம் நிறமான மெல்லிய பிளாஸ்டிக் குழல்களை முடிச்சிட்டுச் சாவிக்கொத்துகளும் சிறு பதக்கங்களும் செய்து குவித்தார்கள். பாடகர் சாஷா திஸ்தெல் பாடிப் பிரபலமாக்கிய ஒரு பாட்டின் பெயரால் அந்த வேலை ‘ஸ்கூபிடூ’ என்று வழங்கலாயிற்று. அமெரிக்காவில் கோடை விடுமுறை முகாமுக்குப் போகிற பிள்ளைகள் தட்டையான பிளாஸ்டிக் நாடாவில் இதையே பின்னிக் கழுத்துக் கயிறாக்கித் தாய்க்குப் பரிசாகக் கொண்டுவருவது வழக்கம். 2001 முதல் 2003 வரை அந்நாட்டின் ஆஸ்தான கவியாக இருந்த பில்லி காலின்ஸ், இப்படித் தாய்க்குக் கழுத்துக் கயிறு பின்னிக் கொடுத்த பிள்ளையைப் பற்றி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் முன்னோர்கள் கப்பலோட்டிகள். நீண்ட கடற்பிரயாணத்தின் ஓய்வு நேரங்களில் கயிற்றை வைத்துக்கொண்டு அவர்கள் கண்டுபிடித்த முடிச்சுகளையெல்லாம் கிளிஃபர்ட் ஆஷ்லி என்பவர் பல ஆண்டுகள் பாடுபட்டுத் திரட்டி, 3,800க்கும் மேற்பட்ட பதிவுகளாக இலக்கமிட்டு, படங்களோடு 1944இல் ஒரு மகா கோசமாக வெளியிட்டார். நான்கு நுனிகளை ஒன்றன் மேலொன்றாக மடக்கிப் பூட்டுகிற நம் முடிச்சின் கயிற்று வடிவமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆயினும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஸ்கூபிடூ பின்னுகிற பிள்ளை ஒரு முடிச்சின் தலைமேலேயே அடுத்த முடிச்சை இடுகிறது. ஆகவே அது நான்கு பட்டைத் தூணாக உயர்ந்துகொண்டே போகிறது. நேராக மடக்குவதற்குப் பதிலாக மூலைவிட்டமாக மடக்கினால், அந்தத் தூண் திருகிக்கொண்டு வளரும். நம் பெண்களோ நான்கு நுனிகளையும் நான்கு திசைக்கும் ஓடவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் முடிச்சுகளை இட்டார்கள். தூண் சுவராயிற்று, சுவர் வளைந்து பாத்திரமாயிற்று. ஒரு தேசத்தில் பதக்கமாக நின்றுவிட்ட முடிச்சு இன்னொரு தேசத்தில் ஐந்து கிலோ வெங்காயம் தாங்குகிற சாதனமாக வளர்ந்ததே, அதைத்தான் நான் கலை வளர்ச்சி என்று சொல்கிறேன். இதை யார் முதலில் செய்தார் என்பதற்குக் கல்வெட்டில்லை, காப்புரிமைப் பத்திரமும் இல்லை.

கூடை எழும்புகிற முறையிலும் ஒரு கிரமம் உண்டு. குறிப்பிட்ட அளவில் வெட்டிவைத்துக்கொள்கிற இழைகள் ‘கட் ஒயர்’. சுருளிலிருந்து வெட்டாமல் இழுத்துக்கொண்டே போகிற இழை ‘ரன்னிங் ஒயர்’. முதலில் வெட்டிய இழைகளை ஒவ்வொன்றாக நடுவில் பிடித்து, ஓடுகிற இழையோடு சேர்த்து முடிச்சிட்டு, ஒரு வரிசை அமைக்கிறார்கள். அதன் இரு பக்கமும் மேலும் சில வரிசைகள் சேர்ந்தால் அடிப்பாகம் தயார். பிறகு நாற்புறமும் நீண்டு நிற்கிற இழைகளை மேல்நோக்கித் திருப்பி, ஓடும் இழையால் சுற்றிச் சுற்றி வரிசை வரிசையாக உயரம் ஏற்றுகிறார்கள். விளிம்பு வந்ததும், எஞ்சிய நுனிகளை உட்புறமாக மடக்கி, ஏற்கெனவே இட்ட முடிச்சுகளின் முதுகில் செருகி மறைத்துவிட்டு மிச்சத்தை நறுக்குகிறார்கள். கடைசியில் கைப்பிடி: சில இழைகளை உள்ளுடலாக வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி வேறு இழைகளால் நெருக்கமாகப் பின்னுவது. ‘ஒரு ரோல் கூடை’, ‘ஒன்றரை ரோல் கூடை’, ‘இரண்டு ரோல் கூடை’ என்று கூடையின் அளவைச் செலவாகும் ஒயரைக் கொண்டே சொல்வது இத்தொழிலின் பரிபாஷை.

இதில் மிகக் கடினமான காரியம், பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாத ஒன்று: எல்லா முடிச்சும் ஒரே இறுக்கமாக இருப்பது. காலையில் உற்சாகமாக இட்ட வரிசை இறுகியும், மாலையில் அலுப்போடு இட்ட வரிசை தளர்ந்தும் போனால், கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், வயிறு பிதுங்கும், தரையில் வைத்தால் ஆடும். தேர்ந்த பின்னல்காரியின் விரல்கள், பேசிக்கொண்டிருந்தாலும், தொலைக்காட்சியில் கண் பதிந்திருந்தாலும், தொட்டில் கயிற்றைக் கால் ஆட்டிக்கொண்டிருந்தாலும், ஒரே அளவு பலத்தோடு இழுக்கின்றன. வருஷக்கணக்கான அப்பியாசமின்றி இது சித்திப்பதில்லை. அந்த அப்பியாசத்தின் அடையாளமாகச் சுட்டுவிரலின் ஓரத்தில் ஒயர் உராய்ந்து காய்த்துப்போன ஒரு கோடு இருக்கும்.

சாதா முடிச்சில் தேர்ந்தவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட், கிராஸ் என்றெல்லாம் பெயர் வைத்துப் புதிய புதிய பின்னல்களை உண்டாக்கினார்கள். சிவன் கண் பின்னலில் இழைகள் சாய்வாகச் சென்று கூடி, வரிசை வரிசையாகக் கண்கள் விழித்திருப்பது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் கண் கோணிவிடும். இவற்றை ஒருத்தி மற்றொருத்தியின் கூடையைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் எதிர் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மாளின் மடியிலிருக்கும் கூடையைக் கண்ணால் எண்ணிக்கொண்டு வந்து, வீடு சேர்ந்ததும் இட்டுப் பார்க்கிற பெண்கள் நம் ஊர்களில் உண்டு. எண்ணுவதும், எண்ணியதை நினைவில் நிறுத்துவதும், நினைவிலிருந்து வடிவத்தை மீட்பதும் கணிதமல்லாமல் வேறென்ன?

கணிதம் என்று நான் சொல்வது உபசார வார்த்தையன்று. வாசலில் இடுகிற புள்ளிக்கோலத்தைத் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் ஆராய்ந்து, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகிப்பதால் எண்ணற்ற வடிவங்கள் பிறக்கிற அதன் அமைப்பை 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டபோது, கணினி விஞ்ஞானத்தில் பட இலக்கணம் என்ற துறைக்கே அது ஒரு பங்களிப்பாக அமைந்தது. நாள்தோறும் விடியற்காலையில் பெண்கள் இட்டு, நாள்தோறும் மிதிபட்டு அழிந்த கோலத்தில் இத்தனை நுட்பம் இருந்ததென்றால், கட்டம் கட்டமாக, நிறம் நிறமாக, முப்பரிமாணத்தில் எழுகிற ஒயர் கூடையில் எவ்வளவு இருக்கும்! எந்த நிறத்தில் எத்தனை இழை வெட்டினால், எந்த வரிசையில் எதை ஓடவிட்டால், சுவரில் தாமரை மலரும், நட்சத்திரம் எழும், பெயரின் முதல் எழுத்துத் தோன்றும் என்பதை ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் மனத்திலேயே கணக்கிட்டுக்கொள்கிற பெண்மணியை, ‘பொழுதுபோக்குக்காகக் கூடை போடுகிறாள்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. நம் பழைய கைத்தொழில்கள் பெரும்பாலும் ஒவ்வொரு ஜாதிக்கென்றும், ஒவ்வொரு தெருவுக்கென்றும் வகுக்கப்பட்டவை. வார்ப்பு வேலை ஒருவருக்கு, நெசவு ஒருவருக்கு, பானை வனைதல் ஒருவருக்கு, மூங்கில் முடைதல் ஒருவருக்கு. தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பான்; அடுத்த தெருக்காரனுக்குக் கதவு திறவாது. ஒயர் கூடை வந்தபோது அதற்குப் பரம்பரை உரிமையாளர் எவருமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கும் இடைப்பட்ட அந்த ஓய்வு வேளையில், திண்ணையில் கூடுகிற எல்லாப் பெண்களுக்கும் அது பொதுச் சொத்தாயிற்று. “அடி மட்டும் போட்டுக் குடுத்துடுங்கக்கா, மேல நான் ஏத்திக்கிறேன்” என்று கேட்டு வந்தவளிடம், இன்ன குலம் என்று விசாரித்துவிட்டு அடி போட்டுக் கொடுத்த அக்காள் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குருதட்சிணை ஒரு டம்ளர் காப்பிதான். கண்பார்வை இல்லாதவர்களும் இதன் உறவுத் தொழிலில் சிறந்து விளங்குகிறார்கள். பிரம்பு நாற்காலியும் ஒயர் நாற்காலியும் பின்னுவது பார்வையற்றோருக்குப் பயிற்சி தரும் நிலையங்களில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. இழை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை விரலே பார்த்துக்கொள்கிற வேலை இது.

கையால் செய்கிற சிறு வேலைகளை வீண் வேலை என்று இகழ்கிற மனப்பான்மை எல்லா நாட்டிலும் உண்டு. பொருளாதார மந்தத்தால் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்த 1935ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நியூயார்க் நகரத்தில் நிவாரணச் செலவுகளை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் முன் கைவினை ஆசிரியர் ஒருவர் சாட்சியம் சொன்னார். தோல் வாரும் கயிறும் கித்தானும் கொண்டு சிறு சிறு பின்னல் பொருள்கள் செய்யத் தாம் கற்பிப்பதாக அவர் சொல்ல, வேலையற்றோருக்கு விளையாடக் கற்றுக்கொடுப்பதற்காக 31,87,000 டாலர் செலவாகிவிட்டதென்று மறுநாள் பத்திரிகைத் தலைப்பு அலறியது; நாடே நகைத்தது. ஆனால் அதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே, 1917இல், அதே நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி, கைவேலையையே சிகிச்சையாகக் கொள்ளும் ஒரு சங்கத்தை நிறுவியிருந்தார்கள். முதல் உலக யுத்தத்தில் அங்கமும் மனமும் நொந்து திரும்பிய சிப்பாய்களுக்குக் கூடை பின்னக் கற்பித்துத் தேற்றிய அனுபவம் அந்தத் தேசத்துக்கே இருந்தது. நம் நாட்டில் காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாட்டைக் கூட்டி, ஜாகிர் ஹுசேன் தலைமையில் குழு அமைத்து, ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டே குழந்தைக்கு எல்லாப் பாடமும் கற்பிக்க வேண்டுமென்று வற்புறுத்தியதும் இதே தத்துவம்தான். விரல் நினைப்பது மூளைக்கும் எட்டும் என்பதை அவர் நம்பினார். ஒயர் கூடை பின்னும் பெண்ணைச் சற்று நேரம் கவனித்தவர் எவரும் நம்புவார்.

கூலியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. வியாபாரி ஒயரைக் கொடுத்து, முடித்த கூடைக்கு இவ்வளவென்று கொடுக்கிற ஏற்பாட்டில், ஒரு கூடைக்குச் செலவாகிற மணிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டு வேலைக்கு நடுவே, அடுப்பில் உலை கொதிக்கும் இடைவேளையில் பின்னுவதால் அது வேலையே அல்ல என்பதுபோல் நடந்துகொள்கிறோம். பெரிய நகரங்களின் கண்ணாடிக் கடைகளில் இதே கூடைகள் சௌந்தரியப் பொருள்களாக அடுக்கப்பட்டு, பன்மடங்கு விலைக்கு விற்பதைப் பார்க்கிறேன். கல்யாணங்களில் தாம்பூலப் பைக்குப் பதிலாகச் சிறிய ஒயர் கூடைகள் கொடுப்பதும் இப்போது பரவலாகியிருக்கிறது. சந்தோஷமான செய்திதான். ஆனால் விலை ஏறிய வேகத்தில் கூலி ஏறியிருக்கிறதா என்று கூடை வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். 1989இல் தர்மபுரியில் முளைவிட்டுத் தமிழ்நாடு முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், ஒயரை மொத்தமாக வாங்கி, கூடையைத் தாமே விற்கிற இடங்களில் பின்னுகிறவளின் கையில் எஞ்சுவது அதிகம். அந்த வழி விரிய வேண்டும்.

பிளாஸ்டிக் ஆயிற்றே, அதைப் புகழலாமா என்று கேட்பவர்களின் ஆட்சேபம் நியாயமானது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும். பி.வி.சி. மட்கிப் போகாது. அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும், டையாக்ஸின் போன்ற கொடிய நஞ்சுகளும் கிளம்புகின்றன. ஆகவே பழைய கூடையை ஒருபோதும் கொளுத்தக் கூடாது. அதை நெகிழவைக்கச் சேர்க்கிற தாலேட் வகை ரசாயனங்கள் சிலவற்றை, குழந்தைகள் வாயில் வைப்பதை உத்தேசித்து, பொம்மைகளில் ஐரோப்பிய யூனியன் 2005இல் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பல் முளைக்கிற குழந்தையின் கையில் ஒயர்த் துண்டைக் கொடுக்கலாகாது. கூடை ஒயர் விற்பவர்கள் அதில் கலந்திருப்பது என்ன என்பதை உறையின் மீது அச்சிட வேண்டுமென்றும் நான் கேட்கிறேன்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும், ஒயர் கூடையை ஒரு தடவை உபயோகித்து எறியும் பையோடு ஒரே தராசில் நிறுத்துவதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு 14 வகையான, உபயோகித்தெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும், கடைக்குப் போகிறவர் கையோடு ஒரு பையை எடுத்துச் செல்லும் பழைய வழக்கத்தை மீட்கவே. அந்த வழக்கத்தை இடைவிடாமல் காத்து வந்தவர்கள் யார்? எல்லோரும் வெறுங்கையோடு போய்ப் பத்துப் பைகளோடு திரும்பிய காலத்திலும், கூடையும் கையுமாகச் சந்தைக்குப் போனவர்கள் இந்தப் பெண்கள்தாம். ஒரு கூடை பத்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் பைகளை வீட்டு வாசலிலேயே தடுத்து நிறுத்தியிருக்கும்!

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றிருக்கிறது. முதல் தலைமுறையாக இந்தக் கலையைக் கற்றுச் செழிக்கச் செய்த பெண்மணிகள் பலர் முதுமை எய்திவிட்டார்கள். இன்ன அளவுக் கூடைக்கு இத்தனை இழை, இத்தனை அடி நீளம், அடியில் இத்தனை வரிசை என்ற கணக்குகள் அவர்கள் நினைவிலும், பழைய பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களிலும்தான் இருக்கின்றன. இளம்பெண்கள் சிலர் கைபேசியில் படம் பிடித்து இந்தப் பாடங்களைப் பரப்புவது பாராட்டத்தக்கது. ஆனால் ஓடுகிற படத்தில் விரலின் வேகம் தெரிகிறதே தவிர, கணக்கு தெரிவதில்லை. ஆஷ்லி கப்பலோட்டிகளின் முடிச்சுகளுக்குச் செய்ததுபோல், ஒவ்வொரு பின்னலையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து, இலக்கமிட்டு, கற்பித்தவர் ஊர் குறித்து, சுத்தமான தமிழில் ஒரு நூல் வெளிவர வேண்டும். கல்லூரிகளின் கணிதத் துறையும் மனையியல் துறையும் சேர்ந்து முனைந்தால் ஓரிரு வருஷங்களில் முடிகிற வேலைதான். அப்படி எழுதப் புகுகிறவர்கள், சாதா முடிச்சைச் சொன்ன கையோடு, கூடையின் நான்கு மூலைகளையும் பற்றி விஸ்தாரமாக எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அடிப்பாகம் முடிந்து சுவர் எழும்புகிற அந்த இடத்தில்தான், புதிதாகப் பின்னுகிறவர்களில் பாதிப் பேர் கூடையைப் பாதியில் நிறுத்திப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள்.